நிபந்தனையில்லாமல் கடவுளை நேசிப்பது எப்படி: வடசென்னைக் கிறிஸ்தவ வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

யோபுவின் புத்தகத்தில் சாத்தான் கடவுளின் முன் வைக்கும் குற்றச்சாட்டு ஒரு கேள்வியாகவே வருகிறது: "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" (யோபு 1:9). நீர் அவனைச் சுற்றி வேலியடைத்துக் காத்து, அவன் கையின் வேலையை ஆசீர்வதித்திருக்கிறபடியால்தானே அவன் பக்தியாக இருக்கிறான், அதையெல்லாம் எடுத்துவிட்டுப் பாரும் என்பது அவனுடைய வாதம். அந்தப் புத்தகத்தின் நாற்பத்திரண்டு அதிகாரங்களும் இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கின்றன. பலனை எதிர்பார்க்காமல் மனிதனால் கடவுளை நேசிக்க முடியுமா என்று கேட்கிற எவரும், தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கேள்வியைத்தான் தம்மிடமே கேட்டுக்கொள்கிறார்கள்.

வடசென்னையில் ஜெபம் பெரும்பாலும் தேவையிலிருந்தே பிறக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலுக்கு வருகிறவர்கள், பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலத்தில் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள், வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் உபவாச ஜெபத்துக்கு முக்காடிட்டு வந்து அமர்கிறவர்கள் ஆகிய எல்லோருடைய உதட்டிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் இருக்கிறது: மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், கணவரின் குடி, வீட்டு வாடகை, ஸ்டான்லி மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனின் முடிவு. இந்தப் பட்டியலை இழிவாகப் பேசும் உரிமை யாருக்கும் கிடையாது. குறிப்பாக, மாதக் கடைசியில் கையில் பணம் இருக்கிறவர்களுக்குக் கிடையாது. ஆகவே, கேட்பதை நிறுத்தச் சொல்வதற்காக இந்த வழிகாட்டி எழுதப்படவில்லை. கேட்டது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கடவுளோடு உள்ள உறவு அறுந்துபோகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டுமே இது படிப்படியாகச் சொல்கிறது. கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையினர், பெந்தெகொஸ்தே சபையினர் என யாரும் இதைத் தம் சபையின் வழக்கத்துக்கு ஏற்பப் பின்பற்றலாம். படிகளை வரிசை மாற்றாமல் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டுக்குச் சில வாரங்கள் ஆகும், ஐந்தாவதை யாரும் ஒரேயடியாக ஏறி முடித்துவிடுவதில்லை.

முதல் படி: யாருடைய அன்பு முந்தியது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

இந்தப் பொருளைப் பற்றிய பல பிரசங்கங்கள் "நீங்கள் இன்னும் அதிகமாக நேசிக்க வேண்டும்" என்று தொடங்குகின்றன. அது தவறான வாசல் என்பது என் கருத்து. நிபந்தனையற்ற அன்பு முதலில் நம்மிடமிருந்து புறப்படுவதில்லை. "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்" என்று பவுல் எழுதுகிறார் (ரோமர் 5:8). "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்" என்று யோவான் எழுதுகிறார் (1 யோவான் 4:19). நாம் திருந்திய பிறகு வந்த அன்பாக அது இருந்திருந்தால், அதற்கு நாம் திருப்பித் தரும் அன்பும் கணக்குப் பார்த்தே இருக்கும்.

இதை மனத்தில் ஊன்றிக்கொள்ள லூக்கா 15-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை ஒரு வாரம் தினமும் வாசியுங்கள். வாசிக்கும்போது வீட்டைவிட்டு ஓடிப்போன இளைய மகனைக் காட்டிலும், வீட்டிலேயே இருந்த மூத்த மகன்மீது அதிகக் கவனம் வையுங்கள். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று தொடங்கி, "ஒருக்காலும் எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியையாவது கொடுக்கவில்லை" என்று அவன் தகப்பனிடம் முறையிடுகிறான். அவன் தவறாமல் வேலை செய்தவன், கட்டளையை மீறாதவன். ஆனாலும் அந்த வீட்டில் மகனாக வாழாமல் கூலியாளாகவே வாழ்ந்திருக்கிறான் என்பது இளையவன் திரும்பி வந்த அன்றுதான் வெளியே வருகிறது. ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாத, தசமபாகம் பாக்கி வைக்காத, கொயரில் பாடுகிற நம்மில் பலருக்கு இளையவனைவிட மூத்தவனே நெருங்கிய உறவினன். அவனுக்கும் தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைத்தான் என்பதையும் கவனியுங்கள். "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்ற பதிலில் கண்டிப்பு இல்லை. கதை அங்கேயே நின்றுவிடுகிறது. மூத்தவன் உள்ளே போனானா என்று லூக்கா சொல்லவில்லை.

அந்த வாரம் முழுவதும் வேறு பயிற்சி எதுவும் வேண்டாம்.

இரண்டாம் படி: உங்கள் பொருத்தனைகளை எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டை எடுத்து, இதுவரை கடவுளிடமோ புனிதர் வழியாகவோ செய்த பொருத்தனைகளை, நேர்த்திகளை நினைவுக்கு வருகிற வரை எழுதுங்கள். "இது நடந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன்", "பாஸானால் முதல் மாதச் சம்பளத்தை அப்படியே காணிக்கையாகப் போடுகிறேன்", "குழந்தை பிழைத்தால் சாட்சி சொல்கிறேன்" என்பவை போல எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். எழுதி முடித்ததும், நிறைவேற்றியவை எவை, கடன்பட்டு நிற்பவை எவை, கேட்டது நடக்காததால் கைவிட்டவை எவை என்று பிரித்துப் பாருங்கள். கடைசி வகைதான் இந்தப் படியின் நோக்கத்துக்கு முக்கியமானது. கேட்டது நடக்காதபோது பொருத்தனையை மட்டும் விட்டீர்களா, அதோடு ஆலயத்துக்குப் போவதையும் ஜெபிப்பதையும் சேர்த்து விட்டீர்களா என்று பாருங்கள். நிபந்தனை எங்கே ஒளிந்திருந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

பொருத்தனை செய்வதே பாவம் என்று சில ஊழியர்கள் கடுமையாகப் பேசுகிறார்கள். வேதம் அவ்வளவு கடுமையாக இல்லை. பெத்தேலில் யாக்கோபு செய்த பொருத்தனையை வாசித்தால் சிரிப்புக்கூட வரும்: தேவன் என்னோடே இருந்து, வழியில் காப்பாற்றி, உண்ண ஆகாரமும் உடுக்க வஸ்திரமும் தந்து, தகப்பன் வீட்டுக்குச் சமாதானத்தோடே திரும்பிவரப்பண்ணினால், அப்போது அவர் எனக்குத் தேவனாயிருப்பார் என்கிறான் (ஆதியாகமம் 28:20-22). அதற்குச் சற்று முன்புதான் கனவில் கடவுள் நிபந்தனை ஏதும் இல்லாமல் "நான் உன்னோடே இருப்பேன்" என்று சொல்லியிருந்தார். இலவசமாகக் கிடைத்ததைப் பேரம்பேசி வாங்கப் பார்த்த அவனையும் கடவுள் தள்ளிவிடவில்லை. பல ஆண்டுகள் கழித்து யாப்போக்கு ஆற்றங்கரையில் அவனோடு போராடி அவனை வேறு ஆளாக்கினார். அன்னாளும் பொருத்தனை செய்தாள்; ஆனால் அவள் கேட்ட பிள்ளையையே திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னாள் (1 சாமுவேல் 1:11). வாங்குவதற்காகச் செய்த பொருத்தனையும் கொடுப்பதற்காகச் செய்த பொருத்தனையும் ஒன்றல்ல என்பதற்கு இவ்விருவரும் போதும்.

தினமும் மாலையில் வந்து நிற்கும் தண்டல்காரரிடம் பழகுவதுபோலக் கடவுளிடம் பழகிவிட்டோமா என்பதுதான் இந்தப் படியில் கேட்க வேண்டிய கேள்வி. தவணை கட்டிய அன்று நிமிர்ந்து நடக்கிறோம்; கட்டாத அன்று எதிரே வராமல் வேறு சந்து வழியாகப் போகிறோம்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான். கடன்பட்டு நிற்கும் பொருத்தனைகளை இயன்ற அளவில் நிறைவேற்றுங்கள். "நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" என்று பிரசங்கி 5:5 சொல்கிறது. ஆனால் ஸ்தோத்திரக் கூட்டம் நடத்தவும் அசன விருந்து போடவும் வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். மீட்டர் வட்டியில் நிறைவேற்றப்படும் பொருத்தனையால் அந்த வீட்டுப் பிள்ளைகளின் சாப்பாட்டில்தான் கை விழும். உடல்நிலையோ வருமானமோ மாறிவிட்டதால் நிறைவேற்ற முடியாத நேர்த்தி இருந்தால், கத்தோலிக்கர் தம் பங்குத்தந்தையிடம் பேசலாம். தனிப்பட்ட நேர்த்திகளிலிருந்து நியாயமான காரணத்துக்காக விலக்களிக்கவும் அதற்குப் பதிலாக வேறொன்றைக் குறிக்கவும் திருச்சபைச் சட்டம் அவருக்கு இடம் தருகிறது. மற்றவர்கள் ஆயரிடமோ பாஸ்டரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள். அதன்பிறகு, ஒரு வருடத்துக்காவது புதிய பொருத்தனை எதுவும் செய்வதில்லை என்று முடிவெடுங்கள். தேவை வரும்போது கேளுங்கள், பதிலுக்கு எதையும் வாக்குக் கொடுக்காமல் கேளுங்கள். முதல் சில முறை வெறுங்கையோடு நிற்பதுபோல் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தைத் தாங்கப் பழகுவதே இதில் பாதிப் பயிற்சி.

மூன்றாம் படி: கேட்பதையும் நிபந்தனை போடுவதையும் பிரித்துக்கொள்ளுங்கள்

ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தின் நடுவிலேயே அன்றன்றுள்ள அப்பம் இருக்கிறது. கெத்செமனேயில் அவரே "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்" என்று கேட்டார். பிறகுதான் "ஆயினும் என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார் (லூக்கா 22:42). இந்த வரிசை முக்கியமானது. மனத்தில் இருப்பதைச் சொல்லாமலே "உம்முடைய சித்தம்" என்று ஒப்புக்குச் சொல்லி முடிப்பது பணிவுபோலத் தெரியும். உண்மையில், கேட்டு ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தில் நாம் போட்டுக்கொள்ளும் பூட்டு அது. ஆகையால் முதலில் வெளிப்படையாகக் கேளுங்கள். பெயர் சொல்லி, தேதி சொல்லி, தொகை சொல்லிக்கூடக் கேளுங்கள். கேட்டபின், "இது நடக்காவிட்டாலும் நாளைக் காலையில் உம்மிடம் வருவேன்" என்று ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல நா எழவில்லை என்றால், எழவில்லை என்பதையே ஜெபமாகச் சொல்லுங்கள்.

பயனே வேண்டாம் என்கிற அளவுக்கு அன்பு தூய்மையாக வேண்டுமா என்ற கேள்வியைத் திருச்சபை வரலாற்றில் மிகப் பெரியவர்களே விவாதித்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் தலைவராக இருந்த பெர்நார்து (1090–1153) அன்பை நான்கு நிலைகளாகப் பார்த்தார்: மனிதன் தன்னைத் தனக்காக நேசிப்பது, கடவுளைத் தனக்காக நேசிப்பது, கடவுளைக் கடவுளுக்காகவே நேசிப்பது, கடைசியாகத் தன்னையும் கடவுளுக்காகவே நேசிப்பது. நான்காவது நிலையில் இவ்வுலகில் யாரும் நிலைத்து நிற்பது அரிது என்று அவரே கருதினார். நமக்கு ஆறுதல் தருவது அவர் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குச் சொல்லும் வழி: தேவைகள் மறுபடி மறுபடி வந்து மனிதனைக் கடவுளிடம் ஓடவைக்கின்றன, அப்படி ஓடி ஓடியே, கேட்டு வந்ததைவிடக் கொடுக்கிறவர் இனிமையானவர் என்று அவன் கண்டுகொள்கிறான். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தையும் உபவாச ஜெபத்தையும் கேலி செய்கிறவர்கள் பெர்நார்தை ஒருமுறை கேட்பது நல்லது.

மறுபுறம், ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துப் பிரான்சில் காம்பிரே நகரின் பேராயர் ஃபெனெலோன், மோட்ச நம்பிக்கையைக்கூடத் தனக்கென நாடாத தூய அன்பைப் பற்றி எழுதப்போய்ப் பெரும் சர்ச்சையில் சிக்கினார். அவருடைய 23 கூற்றுகளைத் திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னொசென்ட் 1699-இல் கண்டித்தார். ஃபெனெலோன் தாமே தம் மக்களுக்கு அதை அறிவித்துக் கீழ்ப்படிந்தார். நமக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: நித்திய வாழ்வை எதிர்பார்ப்பது, கடவுளோடு மகிழ்ந்திருக்க ஆசைப்படுவது, அவருடைய உதவியை நம்புவது ஆகியவை நிபந்தனைகள் ஆகா. அவற்றையும் துறந்தால்தான் உண்மையான பக்தி என்று யாராவது சொன்னால், அந்தப் பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

நான்காம் படி: கேட்காத நேரம் ஒன்றைத் தினமும் ஒதுக்குங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் செய்வதுதான் இதில் எல்லாம். நாள்தோறும் பத்து அல்லது பதினைந்து நிமிடம், விண்ணப்பம் எதுவும் வைக்காமல் கடவுளோடு இருங்கள். சங்கீதம் 103 அல்லது 145-ஐ மெதுவாக வாசித்து, ஒரு வசனத்தில் நின்றுகொள்ளுங்கள். தேவைகள் நினைவுக்கு வந்தால் விரட்ட வேண்டாம். "இதற்கு வேறு நேரம் இருக்கிறது" என்று நோட்டில் குறித்துவிட்டுத் திரும்புங்கள்.

குடிசைமாற்று வாரியக் குடியிருப்பின் ஒற்றை அறையில் ஐந்து பேர் படுத்திருக்கும்போது தனிமைக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. குழாயில் தண்ணீர் வருமுன் எழுகிற அம்மாக்களுக்கு அந்த முன்னேரமே தனி அறை. சிலர் மொட்டைமாடிக்குப் போகிறார்கள், சிலர் வேலைக்குப் போகும் வழியில் திறந்திருக்கும் ஆலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்கிறார்கள். எதுவும் வாய்க்காவிட்டால் கைவேலையே இடமாகட்டும். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தில் இருந்த சகோதரர் லாரன்ஸ் முன்பு படைவீரர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. பாத்திரச் சத்தத்துக்கும் ஆள்மாறி ஆள் கேட்கும் கேள்விகளுக்கும் நடுவிலும், முழந்தாளிட்டு ஜெபிக்கும் நேரத்தில் இருப்பதைப் போலவே கடவுளோடு இருக்க முடியும் என்று அவர் சொல்லிவந்தார். காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்துக்கு நிற்கிறவருக்கும், பழைய வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவருக்கும் இது கைகூடும் வழி.

இரவில் படுக்கும் முன், இயேசு சபையை நிறுவிய இக்னாசியார் (1491–1556) கற்பித்த நாளாய்வைச் செய்யலாம்: நன்றி சொல்லி, ஒளி கேட்டு, நாளைத் திரும்பிப் பார்த்து, தவறுக்கு வருந்தி, நாளைக்கு ஒன்றைத் தீர்மானித்தல். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கும் இதில் தடை ஒன்றும் இல்லை.

ஐந்தாம் படி: "இல்லை" என்ற பதிலோடு வாழக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லாப் படிகளும் இங்கேதான் சோதிக்கப்படுகின்றன. பாபிலோனில் மூன்று வாலிபர்கள் ராஜாவிடம் சொன்ன பதிலில், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்ற முதல் பாதியைத்தான் கன்வென்ஷன் மேடைகளில் அதிகம் கேட்கிறோம். அடுத்த வசனம் "விடுவிக்காமற்போனாலும்" என்று தொடங்குகிறது (தானியேல் 3:18). விசுவாசம் முதல் பாதியில் இருக்கிறது, அன்பு இரண்டாம் பாதியில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. ஆபகூக்கும் அப்படியே: அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார் (ஆபகூக் 3:17-18). ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்க, அடகுக் கடைக்கு நகை போய்வருகிற வீடுகளுக்கு இந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இதே ஆபகூக் தன் புத்தகத்தை எப்படித் தொடங்குகிறார் என்பதையும் பாருங்கள். நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே என்று சண்டையோடுதான் தொடங்குகிறார். புலம்பலைத் தாண்டிக் குதித்து யாரும் மூன்றாம் அதிகாரத்துக்குப் போக முடியாது. சங்கீதப் புத்தகத்தில் புலம்பல் பாடல்கள் மிகப் பல. அவற்றில் 88-ஆம் சங்கீதம் நம்பிக்கையின் ஒரு வரியும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்றால், அப்படியும் ஜெபிக்கலாம் என்றுதானே பொருள்? துக்கத்தில் இருக்கும்போது சிரித்த முகத்தோடு "ஸ்தோத்திரம்" சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 13, 22, 42, 88 ஆகிய சங்கீதங்களைக் கையருகே வைத்துக்கொண்டு, சொந்த வார்த்தை வராத நாட்களில் அவற்றைச் சத்தமாக வாசியுங்கள்.

கேட்டது மறுக்கப்பட்ட ஒருவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். பிள்ளையை இழந்த வீட்டில் உட்கார்ந்து, "விசுவாசம் குறைவாக இருந்திருக்கும்" என்றோ "ஏதோ பாவம் மறைந்திருக்கிறது" என்றோ சொல்லாதீர்கள். யோபுவின் நண்பர்கள் அதைத்தான் சொன்னார்கள், கடைசியில் கடவுளின் கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் ஊருக்குள் வந்தது. ஆலயத்துக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் அது பிரித்துப் பார்க்கவில்லை. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார். "என் கிருபை உனக்குப் போதும்" என்பதே பதிலாக வந்தது, முள் அப்படியே இருந்தது (2 கொரிந்தியர் 12:8-9). பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

இந்தப் படியை இரண்டு விதமாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முதலாவது, மருந்தை நிறுத்துவது. கடவுளை முழுவதுமாக நம்புகிறேன் என்பதைக் காட்ட இன்சுலினையும் காசநோய் மாத்திரையையும் நிறுத்துகிறவர்கள் அன்பு செலுத்துவதில்லை, கடவுளைப் பரீட்சை பார்க்கிறார்கள். அது மறுபடியும் ஒரு நிபந்தனைதான். இரண்டாவது இன்னும் ஆபத்தானது. மனிதர் செய்த அநியாயத்தைக் கடவுளின் சித்தம் என்று சொல்லிப் பொறுத்துக்கொள்வது பக்தி ஆகாது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனிடம் "கர்த்தர் பார்த்துக்கொள்வார், பொறுத்துப் போ" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புகிறவர்கள், நிபந்தனையற்ற அன்பு கடவுளுக்கு உரியது, அடிக்கிற கைக்கு உரியதல்ல என்பதை மறந்துவிடுகிறார்கள். அவளுக்கு முதலில் பாதுகாப்பான இடம் வேண்டும்; 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் ஜெபக் குறிப்போடு சேர்த்தே கொடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் வலையும் படகும் கறுத்துப்போனபோது இழப்பீடு கேட்டு நின்ற மீனவர்களின் விசுவாசம் அதனால் எள்ளளவும் குறைந்துவிடவில்லை. ஆபகூக் கடவுளிடமே நியாயம் கேட்டவர்.

பதில் "இல்லை" என்றுகூட வராமல், எதுவுமே வராத வறட்சியும் உண்டு. ஜெபத்தில் முன்பு இருந்த கண்ணீரும் இனிமையும் வற்றிப்போய், பாமாலை கையிலிருந்தும் பாட்டு உள்ளே இறங்காத மாதங்கள் வரும். தம் சபையைச் சேர்ந்தவர்களாலேயே 1577-இன் இறுதியில் ஸ்பெயினின் டொலேடோ நகரில் சிறைவைக்கப்பட்ட கார்மேல் துறவி சிலுவை யோவான், அந்த இருளைக் கடவுள் நம்மை விட்டுப் போனதன் அடையாளமாகப் பார்க்கவில்லை. இனிப்புக்காக வந்தவரை இனிப்பு கொடுத்தவருக்காக வரவைக்கும் காலமாகவே பார்த்தார். அந்த மாதங்களில் நேரத்தை நீட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஒதுக்கிய பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். தூக்கமின்மை, பசியின்மை, வாழவே பிடிக்காத எண்ணம் ஆகியவை சேர்ந்துகொண்டால் அதை ஆவிக்குரிய வறட்சி என்று நீங்களே முடிவுகட்டாமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஆறாம் படி: திருப்பித் தர இயலாதவருக்குக் கொடுங்கள்

கடவுள்மீது உள்ள அன்பில் நிபந்தனை இருக்கிறதா என்று நேரடியாகப் பார்ப்பது கடினம். மனிதர்மீது உள்ள அன்பில் அது பளிச்சென்று தெரியும். "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" என்று யோவான் கேட்பது அதனால்தான் (1 யோவான் 4:20). விருந்து வைக்கும்போது நண்பரையும் பணக்கார அயலாரையும் அழைக்காதே, அவர்கள் உன்னைத் திருப்பி அழைத்துக் கணக்கை நேராக்கிவிடுவார்கள். ஏழைகளையும் ஊனரையும் அழை, அவர்களிடம் பதில் செய்ய ஒன்றும் இல்லை என்று ஆண்டவர் சொன்னதை (லூக்கா 14:12-14) மாதம் ஒருமுறையாவது அப்படியே செய்து பாருங்கள். மொய் நோட்டில் ஏறாத ஒரு செலவு அது. மருத்துவமனை வாசலில் நோயாளியோடு வந்து இரவு தங்குகிறவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு, தெருவில் யாரும் பேசாத வீட்டுக்கு ஒரு நலம் விசாரிப்பு, கல்லறைத் தோட்டம் வரை சாதி பார்க்கிற ஊரில் அதைப் பாராமல் ஒரு துக்க வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பது என்று எளியதிலிருந்து தொடங்கலாம்.

செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டாம். ஆலயத்தின் மின்விசிறியிலும் பெஞ்சிலும் "அன்பளிப்பு" என்று குடும்பப் பெயர் எழுதும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. விசிறி சுற்றும்போது பெயர் தெரியாது என்பது ஒரு சிறு நன்மை. வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற கட்டளையை (மத்தேயு 6:3) ஒரு வருடம் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்துப் பாருங்கள்.

இதில் தவறிவிட்டால், பழைய பேரத்துக்கே திரும்பிவிட்டால், என்ன செய்வது? இராயபுரத்தில் பேதுருவின் பெயரால் ஓர் ஆலயம் நிற்கிறது. மீனவரான அந்தப் பேதுரு மூன்று முறை மறுதலித்தவர். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில், 153 மீன்கள் வலையில் கிடக்க, கரிநெருப்பருகே காலை உணவு கொடுத்த பிறகு, ஏன் அப்படிச் செய்தாய் என்று விசாரிக்கவில்லை. "நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" என்று மூன்று முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் ஆடுகளைக் கவனிக்கும் வேலையைக் கொடுத்தார் (யோவான் 21). விழுந்த நாளில் நாமும் அதையே செய்யலாம்: நேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கையருகே இருக்கும் அடுத்த வேலையைத் தொடங்கலாம்.

ஏழாம் படி: ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் பக்கத்திலிருந்து உடன்படிக்கை செய்யுங்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்காத தமிழ்க் கிறிஸ்தவ வீடு குறைவு. அந்த வசனத்தைச் சட்டகமிட்டு வருடம் முழுவதும் சுவரில் மாட்டி வைக்கிறோம். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அது கடவுள் நமக்குத் தரும் வாக்கு. நாம் அவருக்குத் தரும் வாக்கு எந்தச் சுவரில் இருக்கிறது?

அதற்கு ஒரு பழைய வழி உண்டு. ஜான் வெஸ்லி 1755-இல் லண்டனில் உடன்படிக்கை ஆராதனையை நடத்தினார். மெதடிஸ்ட் மரபில் அது புத்தாண்டை ஒட்டி நடக்கும் வழக்கமாயிற்று. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்தவர்களில் மெதடிஸ்டுகளும் இருந்ததால், இங்கும் அது அந்நியமானது அல்ல. அந்த உடன்படிக்கை ஜெபத்தின் சாரம் இது: நான் இனி எனக்கு உரியவன் அல்ல, உமக்கு உரியவன், வேலையில் வைத்தாலும் ஒதுக்கி வைத்தாலும், நிறைவாக வைத்தாலும் வெறுமையாக வைத்தாலும், எல்லாவற்றையும் மனப்பூர்வமாக உம்மிடம் விட்டுவிடுகிறேன். இதில் "தந்தால்" என்ற சொல் எங்கும் வராது.

இதை அச்சடித்த தாளில் வாசிப்பதைவிட உங்கள் கையால், உங்கள் வாழ்க்கையின் பெயர்களோடு எழுதுங்கள். "மகனுக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்", "இந்த வாடகை வீட்டிலேயே இருந்தாலும்", "முட்டி வலி போகாவிட்டாலும்" என்று வரி வரியாக எழுதுங்கள். வீட்டார் எல்லோரும் சேர்ந்து எழுதுவதானால் பிள்ளைகளையும் கட்டாயப்படுத்தாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய வரிகளைத் திருத்தாதீர்கள். மனம் ஒப்பாமல் எந்த வரியையும் எழுதக் கூடாது. நோயாளியான பிள்ளையின் பெயரை எழுத ஒரு தாயின் கை நின்றுவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடட்டும், யாரும் வற்புறுத்த வேண்டாம். தாளில் தேதி போட்டு, வேதாகமத்துக்குள் வையுங்கள். தவக்காலத்தின் தொடக்கத்தில், சாம்பல் புதனன்று அல்லது லெந்து நாட்களின் முதல் வாரத்தில், அதை எடுத்து மறுபடி வாசித்து, வெறுமையாக விட்ட வரியை இப்போது எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டு, அந்த ஒரு வரியைக் குறித்து மட்டும் நாற்பது நாளும் ஜெபியுங்கள்.